நாலு கழுதை பாக்கி

கோர்பினியன் ஹாஸ்ல்பெக்கிடம் குதிரையை லாடம் அடிக்கக் கொண்டுபோனால் ஒரு வார்த்தையை மட்டும் வாய்தவறியும் சொல்லிவிடக் கூடாது. "எனக்கு நேரமாச்சு." சொன்னால் போச்சு. சுத்தியலை அப்படியே கீழே வைத்துவிடுவார். மூன்று காலுக்கு லாடம் ஆகியிருக்கும், நாலாவது கால் வெறும் குளம்பாக நிற்கும்.

"சரி, கிளம்புங்க," என்பார்.

"ஐயய்யோ, ஒரு கால்தானேய்யா இருக்கு! முடிச்சுட்டே போறேனே!"

"நாளைக்குக் கொண்டாங்க. இப்போ கிளம்புங்க."

கெஞ்சினாலும் திட்டினாலும் அவ்வளவுதான். ஊரில் அவருக்கு முக்கால் லாடம் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்கிறார்கள். இருக்கலாம். என் வாய் அப்படி.

நான் வால்புர்கா. சந்தைத் தெருவில் இருக்கும் மான் விடுதி என்னுடையது. என் வீட்டுக்காரர் குவிரினும் கோர்பினியனும் போரில் ஒரே டிவிஷன், ஒரே கழுதைப் படை. அது இலகு காலாட்படை. சட்டைக் கையில் ஓக் இலைச் சின்னம், முதுகில் மூட்டை. லாரி ஏறாத மலையில் பீரங்கியைக் கழற்றிக் கோவேறு கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போகிற பட்டாளம். குவிரின் கழுதைக்குக் கயிறு பிடித்தார், கோர்பினியன் லாடம் அடித்தார். உக்ரைன் சேற்றில் இரண்டு வருஷம், பிறகு பால்கன் மலைகள், கடைசியில் சைலீசியா. குவிரின் சைலீசியாவோடு சரி. எனக்கு ஒரு கடிதமும் ஒரு கைக்கடிகாரமும் வந்தன. கோர்பினியன் போர்க்கைதி முகாமிலிருந்து நாற்பத்தேழில் திரும்பி வந்தார், உலையை மூட்டினார், நோட்புர்காவைக் கட்டினார், இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றார். டிராக்டர் வந்தபோது டிராக்டரையும் பழுது பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்த நாலாவது காலைத் தவிர.

வருஷம் ஒருமுறை, செப்டம்பர் சனிக்கிழமையில், டிவிஷனின் பழைய ஆட்கள் என் விடுதியில் கூடுவார்கள். முந்நூறு பேர் வருவார்கள். அந்த இரண்டு நாள் வியாபாரத்தில்தான் என் குளிர்காலம் ஓடும். உள்ளூர்க்காரர் பன்னிரண்டு பேருக்கு அடுப்போர மேசை நிரந்தரம். அவரவருக்கு மூடி போட்ட பீர்க் கோப்பை, அவரவர் பெயரோடு, சுவரில் ஆணியில் தொங்கும். செத்தால்தான் கோப்பை இறங்கும்.

ஐம்பத்தெட்டில் அவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. டிவிஷனின் போர்க்கால வரலாற்றைப் புத்தகமாகப் போடவேண்டும். பொறுப்பு கேப்டன் டிராட்வைனுக்கு. இப்போது அவர் பத்திரம் எழுதும் வக்கீல், ஆனாலும் எல்லாருக்கும் கேப்டன் ஐயாதான். ஒவ்வொருவனும் தன் பங்குக்கு எழுதித் தரவேண்டும் என்றார். பேனா பிடிக்கத் தெரியாதவன்கூட எழுதினான். சமையல்காரன் சூப் பற்றி எழுதினான்.

கோர்பினியன் பதினாலு பக்கம் எழுதினார். எழுத ஒன்றரை வருஷம் ஆயிற்று. கேப்டன் அதை என் விடுதியில் வைத்து உரக்க வாசித்தார். சீமாட்டி என்று பெயர் வைத்த ஒரு கோவேறு கழுதை கர்னலின் தொப்பியைத் தின்ற கதையில் மேசையே குலுங்கிற்று. எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. எட்டாம் பக்கம் முடிந்தது. கேப்டன் ஒன்பதாம் பக்கத்தை மனதுக்குள் வாசித்தார். தாளைத் திருப்பிப் போட்டுவிட்டுப் பத்தாம் பக்கத்திலிருந்து தொடர்ந்தார்.

எல்லாரும் போன பிறகு கோர்பினியனைக் கூப்பிட்டார். நான் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஹாஸ்ல்பெக், கழுதைக் கதை பிரமாதம். ஒன்பதாம் பக்கம் மட்டும் வேண்டாம்."

"ஒன்பதாம் பக்கத்துக்காகத்தான் மத்த பதிமூணையும் எழுதினேன், கேப்டன் ஐயா."

"அது போர்க்காலம், அது கட்டளை. உனக்கே தெரியும். இந்தப் புத்தகத்தை விதவைங்க படிப்பாங்க. வால்புர்கா படிக்கணுமா இதை?"

"என்னை ஏன் இழுக்கறீங்க? எனக்குப் படிக்கத் தெரியும்," என்றேன்.

கேப்டன் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ரோஷமாகத்தான் பேசினேன். ஆனால் மறுநாள் மத்தியானம் கோர்பினியன் தனியாக வந்து உட்கார்ந்தபோது நான் பேசியது வேறு. "வேலியில போற ஓணானை எடுத்து எதுக்குய்யா மடியில விட்டுக்கறே? பதினாறு வருஷம் கழிச்சு எதுக்கு இதெல்லாம்? அவங்க கோவிச்சுக்கிட்டா என் பொழப்பும்ல போகும்?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒன்பதாம் பக்கத்தின் நகலை எடுத்து, ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். நின்றபடியே படித்தேன்.

திரெஷ்னேவோ என்று ஒரு மலைக் கிராமம். நாற்பத்துமூன்று அக்டோபர். காலையில் பட்டாளம் நுழையும்போதே பெண்களும் பிள்ளைகளும் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். ஊர்க் கொல்லனுக்கு ஐம்பது வயது இருக்கும், பெயர் ஸ்தோயான். அந்தக் காலத்தில் வியன்னா ராஜாவின் பட்டாளத்தில் குதிரைக்கு லாடம் அடித்தவன், நம் மொழி கொஞ்சம் பேசுவான். அவன் உலையில்தான் கோர்பினியன் வேலை செய்தார். அவன் குளம்பைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, இவர் ஆணி அடித்தார். இவ்வளவு நல்ல கைக்காரனோடு தான் வேலை செய்ததே இல்லை என்று எழுதியிருந்தார். பத்து மணிக்கு, இரண்டு கழுதைகளின் பொதியை இறக்கி வைக்கோல் ஏற்றச் சொல்லிக் கட்டளை வந்தது. ஊருக்கு நடுவில் இருந்த மரக் களஞ்சியத்துக்கு வைக்கோல். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. இதற்கு முன்னால் வேறொரு ஊரில் பார்த்திருக்கிறார்கள். உச்சி வேளையில் கொல்லன் கையைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு நேரமாச்சு, வீட்டுக்காரி காட்டுல காத்திருப்பா," என்றான். நாலு கழுதைதான் பாக்கி. "முடிச்சுட்டுப் போயேன், ரொட்டி தரேன்," என்றார் கோர்பினியன். அவன் சிரித்துவிட்டு அடுத்த குளம்பைத் தூக்கினான். நாலாவது கழுதையின் கடைசிக் காலை இறக்கும்போது பட்டாளத்து ஆட்கள் வந்து அவனைக் கூட்டிப்போனார்கள். களஞ்சியத்தில் மொத்தம் முப்பத்தெட்டுப் பேர்.

கடைசி வரி மட்டும் எனக்கு மனப்பாடம். 'வைக்கோல் எதற்கென்று எனக்குப் பத்து மணிக்கே தெரியும். ஆட்கள் வருவதற்குள் லாட வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன்.'

முக்கால் லாடம் என்று பத்து வருஷமாகக் கேலி பேசிய வாய் இது. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்கும் நான் அவர் பக்கம் சாயவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் ஒரு கேப்டன்தான்.

புத்தகம் அறுபத்தொன்றில் வந்தது. நானூறு பிரதிகள், பச்சை அட்டை, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாக என் பின்னறையில் வந்து இறங்கின. திருட்டுத்தனமாகப் பிரித்துப் பார்த்தேன். சீமாட்டி இருந்தாள், தொப்பி இருந்தது. அந்த அக்டோபருக்கு ஒரே வரி: 'மலைப்பகுதியில் அமைதி நிலைநாட்டப்பட்டது.' முழுப் பூசணிக்காய்க்கு அவ்வளவு சோறு போதும் போலிருக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை, பெரிய பூசைக்கு மணி அடித்து ஊரெல்லாம் கோயிலுக்குள் போன நேரம், கோர்பினியன் கொல்லைக் கதவைத் தட்டினார். கையில் ஒரு காகிதப் பெட்டி.

"பின்னறைச் சாவி வேணும், வால்புர்கா."

"எதுக்கு?"

பெட்டியைத் திறந்து காட்டினார். சாவு அட்டைகள்.

எங்கள் பக்கத்தில் யார் செத்தாலும் உள்ளங்கை அளவில் கறுப்பு விளிம்பு போட்ட அட்டை அச்சடித்துக் கோயில் வாசலில் கொடுப்போம். படம், பெயர், தொழில், செத்த விதம், ஒரு ஜெபம். வாங்கியவர்கள் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். ஆகாதவனுடைய அட்டையாக இருந்தாலும் அதைக் கிழிப்பதோ குப்பையில் போடுவதோ இந்த ஊரில் கிடையாது. பக்கத்து டவுனில் அச்சடித்திருக்கிறார். படம் இல்லாததால் அந்த இடத்தில் ஒரு லாடம். கீழே இப்படி இருந்தது:

'ஸ்தோயான். கொல்லர், திரெஷ்னேவோ. 1943 அக்டோபரில் தம் ஊர்க் களஞ்சியத்தில் முப்பத்தேழு பேரோடு எங்கள் பட்டாளத்தால் எரிக்கப்பட்டார். வைக்கோல் எங்கள் கழுதைகள் மேல் வந்தது. நண்பகலில் போக இருந்தவரை, நாலு கழுதை பாக்கி என்று நிறுத்திவைத்தவன் நான். கோர்பினியன் ஹாஸ்ல்பெக், லாடம் அடிப்பவன். இவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.'

"புத்தகத்துலேர்ந்து பக்கத்தை எடுத்துடலாம்," என்றார். "இதை எடுத்து எங்கே போடுவாங்க?"

அடப்பாவி மனுஷா என்று நினைத்தேன். பதினாலு பக்கம் எழுதியும் நடக்காததை உள்ளங்கை அளவில் முடித்துவிட்டாரே! வியாபாரம், குளிர்காலம், எல்லாம் கண் முன்னால் வந்தன. ஆனால் நீட்டிய சாவு அட்டையை வேண்டாம் என்று சொல்லும் வாய் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. சாவியை எடுத்தேன்.

இரண்டு பேரும் பெட்டிகள் மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு புத்தகத்திலும் அந்த 'அமைதி' இருந்த பக்கத்தில் ஒரு அட்டை வைத்தோம். நூறு புத்தகம் ஆகியிருக்கும். நான் தலை நிமிராமல் கேட்டேன்.

"குவிரின் அன்னிக்கு எங்கே இருந்தார்?"

"அந்த ரெண்டு கழுதைக்கும் லாடம் அடிச்சது நான்."

"அதைக் கேக்கலையே."

அவர் ஒரு புத்தகத்தை மூடினார், இன்னொன்றை எடுத்தார். "கயிறு பிடிச்சது அவன்."

ஓ என்று அழத் தோன்றியது, அழுகை வரவில்லை. பூசை முடிந்து மணி அடிப்பதற்குள் மீதி முந்நூறையும் முடித்தோம்.

சனிக்கிழமை புத்தகம் கொடுத்தார்கள். பிரித்தவன் மடியிலெல்லாம் அட்டை விழுந்தது. வாத்தியக்காரர்கள் ஊதிக்கொண்டிருந்தார்கள், அவர்களும் நிறுத்திவிட்டார்கள். ஒருவன் கிழிக்கப் போனான். அவன் பெண்டாட்டி கையை எட்டிப் பிடித்தாள்.

"சாவு அட்டைய்யா அது! கிழிச்சா அடுத்தது நம்ம வீட்டுலதான் விழும். வை உள்ளே!"

யாரும் கிழிக்கவில்லை. பையில், பர்ஸில், தொப்பிக்குள் என்று எல்லாரும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். கேப்டன் தன்னுடையதை இரண்டு தடவை வாசித்தார். சட்டைப்பைக்குள் வைத்தார். என்னிடம் வந்தார்.

"பின்னறைச் சாவி யார்கிட்ட இருந்தது?"

"என்கிட்ட."

"ஹாஸ்ல்பெக்கோட கோப்பையை இறக்கிடுங்க."

இறக்கினேன். இந்தக் கையால்தான் இறக்கினேன், ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது. அப்படியும் அடுத்த வருஷம் அவர்கள் வேறு விடுதிக்குப் போய்விட்டார்கள். அடுப்போர மேசை காலியானதும் கோப்பையைத் திரும்ப மாட்டப் போனேன். "விடு வால்புர்கா," என்றார் கோர்பினியன், "கண்ணாடி டம்ளர்லயும் அதே பீர்தான்." எட்டு வருஷம் ஜன்னலோர மேசையில் டம்ளரில் குடித்தார். அறுபத்தொன்பதில் நெஞ்சுவலியில் போனார். டிவிஷனிலிருந்து மலர் வளையம் வரவில்லை. அதுவரை யார் "நேரமாச்சு" என்றாலும் சுத்தியலைக் கீழே வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

எழுபத்துநாலில் கேப்டன் செத்தார். ஒரு மாதம் கழித்து அவர் மனைவி எல்ஃப்ரீடா அம்மாள் என் விடுதிக்கு வந்தார். அந்தப் படியை அவர் மிதித்துப் பதினாலு வருஷம்; புத்தகம் கொடுத்த கூட்டத்துக்குக்கூட அவர் வந்திருக்கவில்லை. கையில் கேப்டனின் ஜெபப் புத்தகம்.

"இதுல இருக்கற எல்லாரையும் எனக்குத் தெரியும். இந்த ஒருத்தரை மட்டும் தெரியலை. யாரு வால்புர்கா இவர்? அவரோட சிநேகிதரா? பூசைக்குக் கொடுக்கணும்னா பேர் சரியாத் தெரியணுமே."

அவர் நீட்டிய அட்டையில் லாடம் இருந்தது. 'ஸ்தோயான். கொல்லர், திரெஷ்னேவோ' இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கத்தரிக்கோலால் ஓரம் பிசகாமல் நறுக்கியிருந்தார் கேப்டன். மேல்பாதியை எறிய அவருக்கும் மனசு வரவில்லை.

என் ஜெபப் புத்தகத்தை எடுத்து வந்தேன். குவிரினின் அட்டைக்கு அடுத்து இருந்த முழு அட்டையை எல்ஃப்ரீடா அம்மாள் முன்னால் வைத்தேன்.

"கண்ணாடி கொண்டு வரலை. நீயே வாசியேன்."

வாசித்தேன். ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். அவர் மேசைத் துணியை நீவிக்கொண்டே இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் வயதானவர்கள், காபி ஆறிக்கொண்டிருந்தது.

"நம்ம ஆளுங்க அப்படிச் செய்வாங்களா, வால்புர்கா?" என்றார் கடைசியில். "யாரோ சொன்னதைக் கேட்டு ஹாஸ்ல்பெக் எழுதியிருப்பார். வைக்கோல் கொண்டுபோனது யாருன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றேன். "என் வீட்டுக்காரர்."