ஒருதரமும் வராதவர்கள்

கோகிலவாணி கம்ப்யூட்டரிடம் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள். கள்ளக்குறிச்சியில் உரக்கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். கல்வராயன் மலைக்குப் போகும் ஒரு தனியார் மருத்துவ வேன் எந்த ஊரில் எந்தக் கர்ப்பிணியைப் பார்க்க வேண்டும் என்று டேட்டாபேஸிலிருந்து எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. இதென்ன பெரிய வேலை என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் ஒருநாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்!

அன்று மாலை வேன் நர்ஸ் இசபெல்லா போன் செய்தாள்.

"வாணி, வெள்ளிமலைக்கு அந்தாண்ட கடைசி ஊருல இந்த மாசமும் யாரும் இல்லன்னு வந்துக்கீது. போன மாசமும் போவல. டிரைவருக்கு ஒரே குஷி, ரோடு அப்பிடி. ஆனா பூமாலைன்னு ஒரு பொண்ணு பேரை நான்தானே போன்ல கேட்டு ஏத்துனேன்? வளைகாப்பு முடிஞ்சி அம்மா வூட்டுக்குப் போயிருக்கும்னு இருந்துட்டேன். இன்னான்னு பாரேன்."

கோகிலவாணி பார்த்தாள். இன்னும் பிரசவம் ஆகாதவர்களில், கடைசிப் பரிசோதனை முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆனவர்களை எடு என்பது அவள் எழுதிய கேள்வி. தப்பே தெரியவில்லை. பிறகு, ஒரு மாதத்துக்கு மேல் ஆனவர்களைத் தனியாக எண்ணினாள். ஆகாதவர்களைத் தனியாக எண்ணினாள். இரண்டையும் கூட்டினால் மொத்தக் கணக்கு வரவேண்டுமே, வரவில்லை! நடுவில் கொஞ்சம் பேர் காணாமல் போயிருந்தார்கள்.

பூமாலையை இதுவரை யாரும் பரிசோதித்ததே இல்லை. தேதிக் கட்டம் காலி. காலியான கட்டம் கம்ப்யூட்டருக்கு முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை. அதனால் இரண்டிலும் சேர்க்காமல் விட்டுவிட்டது. ஒருதரம் வந்தவளைத் தேடிப்போகிற வேன், ஒருதரமும் வரமுடியாதவளை அம்போவென்று விட்டிருக்கிறது. என்ன அநியாயம்!

'தேதி காலியாக இருந்தாலும் எடு' என்று சேர்த்தாள். பழைய தேதி நிபந்தனையையும் இதையும் ஒரே அடைப்புக்குறிக்குள் போட்டாள். போடாவிட்டால் பிரசவம் முடிந்தவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். பூமாலை பெயர் வந்தது.

மறுநாள் அவளும் வேனில் ஏறிக்கொண்டாள். பூமாலை தன் வீட்டில்தான் இருந்தாள். முகமெல்லாம் வீக்கம், கால் வைக்க முடியவில்லை. பிரஷர் பார்த்த இசபெல்லாவின் முகம் மாறியது. "உடனே கீழ போவணும்." வேறு யாரையும் பார்க்க நேரமில்லை. பூமாலையை ஏற்றிக்கொண்டு நேரே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி. ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். இரண்டு உயிரும் பிழைத்தன.

குழந்தையைப் பார்க்கப் போன கோகிலவாணியிடம் பூமாலை கேட்டாள்:

"போன மாசம் வண்டி வரும்னு ரோட்டாண்ட நின்னுகினே இருந்தேன்க்கா. எங்க பேரை எடுத்துட்டாங்களாமே, நெசமா?"

"இல்லம்மா. உன் பேரு இருந்துச்சி. எனக்குத்தான் எடுக்கத் தெரியல."

"அப்ப என்கூட நின்ன ரெண்டு பேரு? அவங்களும் முழுவாம, வயித்துப் புள்ளையோட கீறாங்க."

கோகிலவாணி பட்டியலை நினைத்துப் பார்த்தாள். அந்த ஊருக்கு ஒரே ஒரு பெயர்தான் ஏறியிருந்தது. ஏற்றாத பெயரை எந்தக் கேள்வி போட்டு எடுப்பது?

வெளியே வந்து இசபெல்லாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, காலைல வண்டி மறுபடி மேல போவணும். நானும் வரேன். வூடு வூடா ஏறி எறங்கணும்."