மருந்தடிப்பவரும் லயத்து முயல்களும்

எழுபதுகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வளர்த்தவர்களிடமிருந்து தப்பிய முயல்கள் காட்டு முயல்களாகிப் பெருகி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசல்வரை மேய்ந்தன. களைக்கு மருந்தடிப்பவர், கண்கள் மட்டும் தெரிய முகத்தில் துண்டு கட்டியிருப்பார். மருந்து பம்ப்பைத் தூக்குமுன் தகரத்தைத் தட்டி முயல்களை விரட்டுவார்.

“முயல் மேல அவ்வளவு பாசமாண்ணே?” என்றேன்.

“பாசமா? மருந்தடிச்ச புல்லத் தின்ன முயல யாராச்சும் புடிச்சு ஆக்கித் தின்னுட்டா என்னா பண்றது?”

அன்று மாலை லயத்தில் முயல்கறி வாசம் வந்தது. அவர் வீடு வீடாகக் கேட்டார். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

விடிந்ததும் ஒவ்வொரு வாசலிலும் நின்று கூப்பிட்டார். துண்டில்லாத அவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

“என்னாண்ணே?”

“ஒண்ணுமில்ல. கொரல் கேட்டா போதும்” என்று அடுத்த வீட்டுக்குப் போனார்.

இன்றும் வாசலில் யார் கூப்பிட்டாலும் உடனே குரல் கொடுத்துவிடுகிறேன்.