ஆளில்லாக் கரை

எங்கள் ஊரைப் படம் பிடிக்க வருகிறவர்கள் எல்லாரும் காலை பத்து மணிக்குத்தான் வருகிறார்கள். பெங்களூரில் நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் அந்த நேரத்துக்குத்தான் வந்து சேர முடியும். சாம்பியன் ரீப்ஸில் வண்டியை நிறுத்தி, மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் பழைய ஷாஃப்ட் மேல் நிற்கும் துருப்பிடித்த இரும்புக் கோபுரத்தைக் கீழிருந்து மேலாக எடுத்து, பூட்டிக் கிடக்கும் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளை வரிசையாக எடுத்து, 'மனிதர்கள் கைவிட்ட ஊர்' என்று சோகப் பாட்டோடு போட்டுவிடுகிறார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. வீடு பூட்டாமல் எப்படி இருக்கும்? அந்த வீட்டுக்காரர்கள் விடிவதற்கு முன்பே ரயிலேறி, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, பெங்களூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அந்த ரயிலில் ஒரு நாள் ஏறிப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லட்டும், ஊரில் ஆள் இல்லை என்று.

ஒரு முறை நான் காய்ச்சலில் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். அன்றைக்கு அப்படி ஒருவன் எங்கள் தெருவில் கேமராவைப் பார்த்து உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தான். துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

"இன்னா தம்பி, யாருமே இல்லாத ஊருன்றியே, அப்ப நான் இன்னா பேயா?"

அவன் சிரித்துக்கொண்டே, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஃப்ரேம்ல வர்றீங்க" என்றான்.

நானும் அந்த ரயில் கூட்டத்தில் ஒருத்திதான். பெங்களூரில் ஒரு அலுவலகத்தில் கடற்கரைப் பொறியாளராக இருக்கிறேன். தீவுகளுக்குத் துறைமுகம், அலை தடுக்கும் கல்சுவர், ஊர்க் கழிவுநீரைக் கடலுக்குள் கொண்டுபோய் விடும் குழாய், இவையெல்லாம் எங்கே எப்படி வர வேண்டும் என்று வரைந்து கொடுப்பது எங்கள் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெளியே நின்றால் யாராவது ஒருவர் என்னைச் சீண்டாமல் விட மாட்டார். "பாதாளத்துல தோண்டின ஊருல பொறந்துட்டு கடலுக்கு இன்னா இஞ்சினியரு? தண்ணியில கோடு போடுவியா?" என்பார்கள். கோடுதான் போடுகிறோம், பொய்யில்லை. அந்தக் கோடு எங்கே போய் முடிகிறது என்பதில் சிலருடைய பிழைப்பு இருக்கிறது.

ஒரு தீவில் புதுத் துறைமுகமும் சுற்றுலா விடுதிகளும் வருவதாக இருந்தது. அவற்றின் கழிவுநீருக்கு ஒரு குழாய் வேண்டும். பவளப்பாறையைத் தாண்டி ஆழத்துக்கு நீட்டினால் நீரோட்டம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும். ஆனால் செலவைக் குறைக்க, பாறைக்கு உள்பக்கமே, ஒரு சின்ன வளைகுடாவில் எங்கள் அலுவலக வரைபடத்தில் குழாயை முடித்திருந்தார்கள். அங்கே தண்ணீர் குளம் மாதிரி மெதுவாகச் சுற்றும். விட்டது கரைக்கே திரும்பும். பரவாயில்லையாம். அந்தக் கரையில் மனித நடமாட்டமே இல்லையாம். அறிக்கையில் அப்படி எழுதி, சாட்சிக்கு ஒரு புகைப்படமும் ஒட்டியிருந்தார்கள்.

அந்தப் படத்தை நான் ரொம்ப நேரம் பார்த்தேன். மூங்கில் கழிகள் வரிசையாக நட்டிருந்தன. பக்கத்தில் தார்ப்பாய்களைச் சுருட்டி, கயிறு போட்டுக் கட்டி, காற்றில் பறக்காமல் மேலே கல் வைத்திருந்தார்கள். கைவிட்டுப் போகிறவன் கயிறு கட்டிக் கல்லும் வைத்துவிட்டா போவான்? திரும்பி வருகிறவன்தான் அப்படிச் செய்வான்.

"சார், இங்க ஆளுங்க இருக்காங்க" என்றேன் மேனேஜரிடம்.

"எங்கம்மா? படத்துல காட்டுங்க பார்ப்போம்."

அந்தத் தீவிலேயே கல்சுவர் வேலையைப் பார்க்க என்னை அனுப்பியபோது, முதல் வேலையாக அந்தக் கரைக்குப் போனேன். கரை முழுக்கத் தார்ப்பாய்ப் பந்தல்கள், குடும்பங்கள். கழிகளில் கயிறு கட்டி மீன் தொங்கவிட்டிருந்தார்கள், மணலில் வலை விரித்து அதன் மேலும் காயப்போட்டிருந்தார்கள். நான் வாய் திறப்பதற்கு முன்பே ஒரு பெண், மீனுக்கு வரும் வெயிலை மறைக்காமல் தள்ளி நிற்கச் சொல்லி என்னை அதட்டினாள். தெலுங்கில்தான் அதட்டினாள். எங்கள் ஊரில் பக்கத்து லைனில் தெலுங்கு கேட்டே வளர்ந்தவள் நான், அதனால் நானும் தெலுங்கிலேயே பதில் சொன்னேன். என் தெலுங்கைக் கேட்டு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதன் பிறகு நன்றாகப் பேசினாள். அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"முன்னாடி அளக்க வந்தவங்க உங்களைப் பாக்கலையா?" என்று கேட்டேன்.

"எப்ப வந்தாங்க?"

"பௌர்ணமிக்கு."

"பௌர்ணமிக்கு நாங்க எதுக்கு இங்க இருக்கப் போறோம்? நிலா வெளிச்சத்துல வலை பளபளன்னு தெரியும், மீன் கிட்டயே வராது. காஞ்ச மீனைத் தூக்கிக்கிட்டு தீவுக்கு அந்தப் பக்கம், எங்க வீட்டுக்கும் சந்தைக்கும் போயிடுவோம். புள்ளைங்க அங்கதானே படிக்குதுங்க. அரிசி வாங்கிக்கிட்டு, நிலா தேய ஆரம்பிச்சதும் வந்துடுவோம்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. எங்கள் ஆட்கள் அளக்கப் போவதே பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும்தான். அப்போதுதான் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். கடலை அளக்க அது சரியான நாள். அதே நாளில் போன கையோடு மனிதர்களையும் பார்த்து முடித்து, இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

குழாய் எங்கே வரப்போகிறது என்று கை நீட்டிக் காட்டினேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்தத் தண்ணியிலதான் மீனைக் கழுவுறோம். எங்க மீனைத் தின்னு சந்தையில ஒருத்திக்கு வயித்தால போனா போதும், அப்புறம் நாய்கூடத் தொடாது. எங்க கதை முடிஞ்சுது."

திரும்பி வந்து மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவங்களுக்குப் பட்டா இருக்கா?" என்று கேட்டார். அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு கரை முழுக்க நாறிக்கொண்டு காயும் மீனை மறைக்கிறவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு தீவில் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நடந்தது. எங்கள் அலுவலகத்தின் வரிசையில் என்னையும் உட்கார வைத்து, கேட்டால் மட்டும் பேசு என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கரைக்காரர்கள் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருந்தார்கள். என்னிடம் பேசிய பெண் எழுந்து பேச ஆரம்பித்ததும் மேடையில் இருந்த அதிகாரி குறுக்கிட்டார். "உங்க வீடு அந்தப் பக்கம். இந்தக் கரையைப் பத்திப் பேச நீங்க யாரு?"

யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் எழுந்துவிட்டேன். "இவங்க அங்கதான் இருக்காங்க. இவங்க இல்லாத நாளாப் பாத்து நாங்க போயிருக்கோம். தப்பு எங்களோடது" என்று மைக் இல்லாமலே சொன்னேன். மேனேஜர் என் துப்பட்டா நுனியைப் பிடித்து இழுத்தார். இழுக்கட்டும் என்று நின்றேன். கடைசியில் அமாவாசையை ஒட்டி மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும் என்று முடிவானது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஊர் திரும்பியதும் ரயிலில் எங்கள் பெட்டி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அந்த வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அது எதிர்பார்த்ததுதான். வேறொரு ஊரின் கடற்கரையில் நடைபாதைக்கு வளைவு வரையச் சொன்னார்கள், வரைந்தேன். சில மாதங்கள் கழித்து ஒரு சாயங்காலம், ரயிலில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது, அந்தக் கரைப் பெண் போன் செய்தாள்.

"வந்தாங்கக்கா. இந்தத் தடவை எல்லாரும் இருந்தோம். தலைதலையா எண்ணி, பந்தல் பந்தலாப் படம் எடுத்துக்கிட்டுப் போனாங்க."

"நல்லதாப் போச்சு."

"என்ன நல்லது? முன்னாடி நாங்க இல்லைன்னு நெனச்சாங்க, எங்களை யாரும் ஒண்ணும் சொல்லல. இப்ப இருக்கோம்னு தெரிஞ்சுபோச்சு. குழாய் வர்ற இடத்துல ஆளுங்க இருக்கக் கூடாதாம். வேற ஒரு கரையைக் காட்டி அங்க போங்கன்றாங்க."

குழாயைத்தான் நகர்த்தச் சொன்னேன், பாவிகளா. குழாயை நீட்டச் செலவு, ஆளை விரட்டச் செலவில்லை என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

மறுநாள் அலுவலகத்தில் அந்த வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். குழாயின் முனை இருந்த இடத்திலேயே இருந்தது. அவர்களுக்குக் காட்டிய புதுக் கரையைத் தேடினேன். எனக்குத் தெரிந்த இடம்தான். துறைமுகத்துக்கு இடம் பார்த்தபோது அதையும் பார்த்தோம். அலை ஓயாமல் அடிக்கிறது, அடியெல்லாம் பாறை, கப்பல் நிற்காது என்று நாங்களே எழுதி ஒதுக்கினோம். அங்கேதான் அவளுடைய சின்னப் படகு நிற்குமாம்.