திரும்பிப் பார்க்காமல் நடந்த ஒன்றரை மைல்

ஐம்பதுகளில் நான் செங்கல்பட்டில் குமாஸ்தாவாக இருந்தேன். ஞாயிறுதோறும் மாமல்லபுரம் வரை பதினெட்டு மைல் நடப்பது என் பைத்தியம். அதில் என் சாதனை ஐந்தரை மணி நேரம்.

கல்யாணமான மூன்றாம் மாதம், "நானும் வரேன்" என்று என் மனைவி புதுச் செருப்போடு கிளம்பினாள். திருக்கழுக்குன்றம் வரை எனக்கு ஈடாகவே நடந்தாள். அன்று சாதனையை முறியடித்துவிடலாம் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. "நீ மெதுவா வா, நான் முன்னாடி போறேன்" என்று வேகமெடுத்தேன். ஒன்றரை மைல் போய்த் திரும்பிப் பார்த்தால், சாலையில் யாருமே இல்லை.

வந்த வழியே ஓடினேன். அவள் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு குதிகாலிலும் ரத்தம். கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, முன்பின் தெரியாத ஒரு மீனவப் பெண் தன் முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த மீனவப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா சார், பொண்டாட்டிய ரோட்ல வுட்டுட்டு யாரத் தொரத்திகினு போற?"

நான் மனைவியின் காலருகே குனிந்து உட்கார்ந்தேன்.

"அவர ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. நான்தான் போகச் சொன்னேன்" என்றாள் என் மனைவி. அவள் அப்படிச் சொல்லவே இல்லை.

திரும்பிவிடலாம் என்று கெஞ்சினேன். கடலைப் பார்க்காமல் வர மாட்டேன் என்றாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள். போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. எத்தனை மணி நேரம் ஆனதென்று நான் பார்க்கவில்லை. வலிக்கிறதா என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வந்தேன். கல்யாணமான அந்த மூன்று மாதத்தில் அவளிடம் நான் அப்படி எதையும் கேட்டதே இல்லை.