வட்டத்தில் ஏறும் புள்ளி

பம்பாய் மாதுங்காவில் நான் கணக்கு வாத்தியாராக இருந்தபோது, சக ஆசிரியர் ஒருவரோடு முக்கோணவியல் பற்றி அடிக்கடி வாக்குவாதம் நடக்கும்.

"ஆரம் ஒண்ணுன்னு ஒரு வட்டம் போடும் ஓய். அதுல புள்ளி எவ்வளவு உயரம் ஏறறதோ, அதான் சைன். முக்கோணத்தை வெச்சுண்டு விகிதத்தை எதுக்கு உருப்போடணும்?" என்பார்.

"பரீட்சையில முக்கோணம்தானே கேக்கறான்?" என்பேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கில், வெடிமருந்துக் கப்பல் ஒன்று தீப்பிடித்துப் பம்பாய்க் கப்பல்துறையே வெடித்த சாயங்காலம், அங்கே குமாஸ்தாவாயிருந்த தன் தம்பியைத் தேடி அவர் போனார். தம்பி வீடு திரும்பினான். அவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

அவருடைய வகுப்பு என்னிடம் வந்தது. முக்கோணம் போடச் சாக்பீஸை எடுத்தேன். முதுகுக்குப் பின்னால் அவர் நிற்பது போலிருந்தது, கை வரவில்லை. வட்டத்தையே போட்டேன். பையன்களுக்கு உடனே புரிந்தது.

ஆசிரியர் அறைக்கு வந்து, என் பாடக் குறிப்பிலிருந்த முக்கோணத்தை அடித்துவிட்டு வட்டம் போட்டேன்.