எழுத்தறிந்தோர்: ஒருவர்

பத்தொன்பது வருடத்தில் ஒரு லேபிளைக்கூடத் தலைகீழாக ஒட்டாதவள் அவள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. தரை கழுவும் திரவம் தயாரிக்கிற கம்பெனியில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுவது வேலை. இடது கையில் பாட்டில், வலது கை விரலில் பசை, ஒரு திருப்பு, ஒரு நீவல், அடுத்தது. சிவப்புக் கோடு கீழே வரவேண்டும், அவ்வளவுதான் விதி. கம்பெனியிலும் தெருவிலும் லேபிளக்கா என்றே பேராகிவிட்டது.

எழுத்தறிவுக் கணக்கெடுக்க ஆள் வந்த அன்று அக்கா வாசலுக்கு நாலடி தள்ளிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். தோளில் பை, கையில் படிவம். அவர் அக்காவை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. குடும்பத் தலைவரைக் கேட்டால் போதுமாம். குடும்பத் தலைவர் அப்போதுதான் தன் பஞ்சர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கக்கத்தில் பேப்பரோடு நின்றபடியே சொன்னார்:

“எனக்குப் படிக்கத் தெரியும். அவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

படிக்கத் தெரியாது என்று மட்டும் சொல்லியிருந்தால் அக்கா பேசாமல் இருந்திருப்பாள். அந்த ‘ஒண்ணும்’தான் சுட்டுவிட்டது. வீட்டில் இருப்போர் இரண்டு, எழுத்தறிந்தோர் ஒன்று என்று எழுதிக்கொண்டு ஆள் போய்விட்டார். அன்றைக்குப் பாத்திரங்கள் ரொம்பவே சத்தம் போட்டன.

மறுநாளே கம்பெனியில் பக்கத்து ஸ்டூல்காரியைப் பிடித்துக்கொண்டாள். இது என்ன, அது என்ன என்று ஒவ்வொரு பாட்டிலாகக் கேட்டாள். ஒரு நாளைக்கு எண்ணூறு பாட்டில், எண்ணூறிலும் அதே பாடம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவ்வளவு விடாப்பிடியான வாத்தியார் கிடையாது. அவள் முதலில் படித்த சொல் ‘எச்சரிக்கை’. இரண்டாவது ‘விஷம்’. ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்பதைக் கூட்டிப் படித்து முடிக்க மூன்று மாதம் ஆனது. முடித்த அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பாட்டிலைத் தூக்கிப் பரணில் வைத்தாள். அந்தப் பாட்டிலைத் தரையோரம் வைத்துக்கொண்டுதான் பெண்ணைத் தவழவிட்டு வளர்த்து, கட்டியும் கொடுத்திருந்தாள்.

படிப்பு வந்ததும் வேலை கெட்டது. எண்ணூறு ஐந்நூறாக இறங்கியது.

“எல்லாம் ஒரே லேபிள்தானேம்மா, ஒரு தடவை படிச்சா போதாதா?” என்று சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார்.

“நான் படிக்கல சார், கண்ணு படிக்குது. நிறுத்தினா நிக்க மாட்டேங்குது.”

வீட்டிலும் ஒருநாள் காலை, பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் தோளுக்குப் பின்னால் நின்று தலைப்பைச் சத்தமாக வாசித்தாள். அன்றிலிருந்து அவர் பேப்பரைக் கடையில் வைத்தே பார்த்துக்கொண்டார். அக்காவுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. கணக்கெடுக்கிற ஆள் மறுபடி வரவேண்டும், தன்னைப் படிக்கத் தெரிந்தவள் என்று எழுதிக்கொண்டு போகவேண்டும்.

ஏழாவது மாதம் வந்தார். வந்ததும் வராததுமாக அக்கா அவர் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த, படிக்கத் தெரியுமா என்று சோதிக்கிற அட்டையை உருவி, “மழை பெய்தால் குடை எடுத்துச் செல்ல வேண்டும்” என்று வாசித்துக் காட்டினாள். மனுஷனுக்குப் பேயறைந்தது போல ஆகிவிட்டது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க!”

விஷயம் இதுதான். அவர் பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியர். அவர் எடுத்த கணக்கில் நாற்பது வீட்டை ஒரு மேலதிகாரி மறுபடி சோதிப்பார். எண்ணிக்கை மூன்று வீட்டில் மாறினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். மாறாவிட்டால் நிரந்தர வேலை.

“ரெண்டு வீடு ஏற்கெனவே போச்சுக்கா. ஒரு வீட்ல பெரியவர் செத்துட்டார். இன்னொரு வீட்டுக்கு மருமக வந்துட்டா. ரெண்டும் என் தப்பாம்! நாளைக்கு உங்க வீடு. நாளைக்கு ஒரு நாள் மட்டும் படிக்காம இருங்கக்கா, கால்ல வேணா விழறேன்.”

அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஏழு மாதம் எதற்குக் காத்திருந்தாளோ அதையே வந்தவர் வேண்டாம் என்கிறார். ஆனாலும் படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொள்கிற மனுஷனைப் பார்த்து முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்றாள்.

உடனே ஒத்திகை ஆரம்பமானது. அவர் அட்டையைக் காட்டுவார். அக்கா படித்துவிடுவாள். வாயைப் பொத்திக்கொண்டாலும் உதடு அசையும். உதட்டைக் கடித்துக்கொண்டால் கண் இடமிருந்து வலமாக ஓடும். பத்து தடவை மழை பெய்து பத்து தடவை குடை எடுத்துச் சென்றாகிவிட்டது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

“அது அப்படி இல்ல. நீ எழுத்தப் பாக்கற. எழுத்துக்கு நடுவுல வெள்ளையா இருக்கு பாரு, அதைப் பாக்கணும். அப்பப்ப லேசா தலையாட்டிக்கணும்.”

கணக்கெடுப்புக்காரர் மெல்லத் திரும்பினார். “அண்ணே, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

வீட்டுக்காரர் அட்டையைக் கவிழ்த்து வைத்தார். “அம்பது வருஷமா அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்,” என்றார்.

முப்பது வருடம் கூடவே குடித்தனம் நடத்திய அக்கா கரண்டியை வைத்துக்கொண்டு நின்றவள் நின்றபடியே இருந்தாள். கணக்கெடுப்புக்காரரோ துள்ளி எழுந்தார். அவர் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது.

“அண்ணே! உங்களுக்குத் தெரியாது, அக்காவுக்குத் தெரியும். அப்பவும் ஒண்ணு, இப்பவும் ஒண்ணு! கணக்கு மாறவே இல்லையே! நாளைக்கு உண்மையைச் சொல்லிடுங்கண்ணே, போதும்.”

“என்னால ஆகாது.” வீட்டுக்காரர் குரலே மாறிவிட்டது. “தெருவே என்னைப் படிச்சவன்னு நினைச்சிருக்கு. யாரோ ஒரு அதிகாரி முன்னால நிக்க வச்சு என்னைத் தெரியாதவன்னு எழுதுவீங்களா? அட்டைல இருக்கறதுதான் இப்ப எனக்கு மனப்பாடம். நான் சொல்லிடறேன். அவ வாயைத் திறக்காம இருக்கட்டும். அப்பவும் ஒண்ணுதான்.”

ஒன்று என்னவோ ஒன்றுதான். கணக்கெடுப்புக்காரருக்கு எந்த ஒன்றானாலும் சரி. அக்கா உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை அதிகாரி அம்மா வந்தார். கணக்கெடுப்புக்காரர் பின்னால் வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்றார். அட்டை முதலில் குடும்பத் தலைவர் கைக்குப் போனது. அதே அட்டை, அதே குடை. அவர் அதைத் தூரமாகப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், லேசாகத் தலையாட்டினார். வாயைத் திறந்தார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அவளை ஒரு தடவை பார்த்தார்.

“எனக்கு வராது மேடம்,” என்றார். “இவளுக்கு வரும்.”

அக்கா அட்டையை வாங்கினாள். நேற்று அவ்வளவு சரளமாக ஓடிய வாக்கியம் இன்றைக்கு ஓடவில்லை. எழுத்துக் கூட்டி, முதல் தடவை படிக்கிறவள் போலத்தான் படித்தாள்.

அதிகாரி அம்மா பழைய படிவத்தையும் புதிய படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இருப்போர் ரெண்டு, எழுத்தறிந்தோர் ஒண்ணு. அச்சுப் பிசகாம ஒத்துப்போகுது. உங்க வேலையிலேயே சுத்தமான வீடு இதுதான் சார்,” என்று பாராட்டினார். கணக்கெடுப்புக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த ஒண்ணு நான்தான்னு எழுதிட்டீங்களா மேடம்?” என்று அக்கா கேட்டாள்.

“யாருன்னு எழுதக் கட்டம் கிடையாதும்மா. எண்ணிக்கை மட்டும்தான்.”

சொல்லிவிட்டு, அடியில் கையெழுத்துக்கான கோட்டைக் காட்டிப் பேனாவைப் படிவத்தின் மேல் வைத்தார். பேனாவை அக்கா எடுத்தாள். தன் பெயரின் முதல் எழுத்தை அந்தக் கோட்டில் அழுத்தி எழுத ஆரம்பித்தாள்.

“ஐயோ, நீங்க இல்லம்மா. அது குடும்பத் தலைவர் போடற இடம்.”

“தெரியும் மேடம்,” என்றாள் அக்கா, நிமிராமல். “படிச்சேன்.”