சுவருக்குள் ஒரு ஜாயிண்ட்

அந்தக் காலையில் அந்தப் பரிசோதனை நிலையத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். ரத்தம் சோதிக்கும் அந்த நிலையத்தின் முதலாளி, சோதனைகளைச் செய்யும் அவர் மனைவி, அந்த அம்மாவின் தம்பியான கொத்தனார், ஏசி மாட்டப் போன நான். மலைமேல் குளிரில் இருக்கும் வெள்ளிமலைக்கு எதற்கு ஏசி என்று பஸ்ஸிலேயே சிரித்தார்கள். பரிசோதனை மிஷினுக்குத்தான்.

செம்புக் குழாயைச் சுவருக்குள் பதித்து, நடுவில் ஒரு ஜாயிண்ட்டைப் பற்றவைத்திருந்தேன். கசிவு பார்க்காமல் சுவரைப் பூசக் கூடாது. அதைக் கொத்தனாரிடம் சொல்லிவைக்காதது என் தப்பு. வெள்ளிக்கிழமை பூஜை என்று அவசரம். நான் டீ குடித்துத் திரும்புவதற்குள் பூசி முடித்துவிட்டார்.

பூசின அன்றைக்கே மத்தியானம், நல்ல வெயிலில், கசிவு பார்க்கக் குழாயில் நைட்ரஜன் ஏற்றினேன். அழுத்த மீட்டரின் முள் ஐநூறில் நின்றது. மீட்டர் கண்ணாடி மேல் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டேன். மறுநாள் காலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து பார்த்தால் நானூற்று எழுபது.

"இன்னாங்க, மூஞ்சி இப்டி ஆயிடுச்சி?" என்றார் கொத்தனார்.

"முப்பது எறங்கிடுச்சிங்க."

"அவ்ளோதானா? யாரோ செத்துப் பூட்டாங்கன்னு பயந்துட்டேன்."

வெளியே தெரியும் இரண்டு முனையிலும் சோப்பு நுரை தடவினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. அப்படியானால் கசிவு சுவருக்குள்தான்.

கொத்தனார் உளியும் சுத்தியலுமாக வந்துவிட்டார். "ஒடைச்சிடலாமா? பெயிண்ட் காசு ஒங்களுது."

"நேத்து பூசிட்டு இன்னிக்கி ஒடைக்க குஷியப் பாரு," என்றார் அவர் அக்கா.

வெளியே குழாயைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது. நேற்று இதே குழாய் கையைச் சுட்டது. குளிரில் காற்று சுருங்கும், முள்ளும் இறங்கும், தெரிந்ததுதான். ஆனால் கீழே கள்ளக்குறிச்சியில் ஒரே ராத்திரியில் இவ்வளவு இறங்கி நான் பார்த்ததில்லை. எட்டாவதோடு நின்றவன், கணக்குப் போட்டுப் பார்க்கவும் தெரியாது.

"மத்தியானம் வரைக்கும் விடுங்க," என்றேன்.

"வெயில் வந்தா ஓட்டை தானா அடைஞ்சிக்குமா?" என்றார் கொத்தனார்.

முதலாளி அவரை அடக்கினார். "சும்மா இருடா. அவரே பயந்துக்கினு கீறாரு."

அரை மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தேன். நானூற்று எழுபத்தைந்து. எண்பத்தைந்து. வெயில் உச்சிக்கு வந்தபோது முள் என் கோட்டுக்கு நேராகப் போய் அசையாமல் நின்றது; கசிந்திருந்தால் திரும்ப ஏறியிருக்காது. கொத்தனாரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். உளியை வைத்துவிட்டு, "டீ நான் வாங்கித் தரேன், வாங்க," என்றார்.

அப்புறம் நைட்ரஜனை வெளியேற்றி, மிச்சக் காற்றையும் வாக்கியூம் பம்ப்பால் இழுத்து, குளிரூட்டும் கேஸைத் திறந்தேன். அறை குளிர்ந்தது. முதலாளி கூலியை முழுசாக எண்ணிக் கொடுத்தார். அதில் இரண்டாயிரத்தை அவர் கையிலேயே திணித்தேன். ஒரு மாசம் ஓடட்டும், அந்த ஜாயிண்ட் தாங்கினால் கொடுங்கள் என்றேன்.

"இன்னும் ஒங்களுக்கே நம்பிக்கை வரலியா?" என்று அந்த அம்மா சிரித்தார்.

வந்துவிட்டதுதான். இருந்தாலும் ஒரு கோடை தாண்டட்டும் என்று இன்னும் வாங்கப் போகவில்லை. ஏசி நன்றாக ஓடுகிறதாம். எனக்கு வரவேண்டியது இரண்டாயிரம் ரூபாய்.